பனியனில் தெரியும் முழங்கை

தம்பி, அந்தக் கையக் கொஞ்சம் எடு. நெஞ்சுல என்ன படம்னு பாக்கணும். சமயபுரம் டோல்கேட்டுலேருந்து பாத்துக்கிட்டே வர்றேன், நீயும் கையக் கட்டிக்கிட்டே தூங்குற. ஆங்! அதேதான். இந்தப் பனியன உனக்கு எவன் குடுத்தான்?

டி-ஷர்ட்டா? சரிப்பா, டி-ஷர்ட்டு. எவன் குடுத்தான்னுதான் கேக்குறேன். நீங்களே திருப்பூர்ல சொல்லி அடிச்சீங்களா? காலேஜ் பசங்க எல்லாம் சேந்தா? நல்லா வருவீங்க.

நடுவுல முடிய வளத்துக்கிட்டு சாமியார் மாதிரி நிக்கிறானே, அவன் டெரிக். இந்தப் பக்கம் குச்சிய வெச்சுக்கிட்டு நிக்கிறது கஃபூர், டிரம்ஸ். அந்தப் பக்கம் பேஸ் கிதார் வரதன். கஃபூரும் வரதனும் போய்ச் சேந்துட்டாங்க. இப்ப இந்த ஓரத்தப் பாரு. உன் அக்குள் கிட்ட. ஒரு முழங்கை தெரியுதா? மேல ஒரு தழும்பு? இப்ப இதப் பாரு. என் சட்டைக் கைய மடிக்கிறேன், பாரு நல்லா. பொன்மலை ஒர்க்‌ஷாப்ல பாய்லர் ஷாப்பு அப்ரண்டிஸா இருந்தப்ப சுட்டது. அதே தழும்பு, அதே முழங்கை. இந்த முழங்கைக்குச் சொந்தக்காரன் உன் பக்கத்து சீட்டுல உக்காந்து டிக்கெட் எடுத்துக்கிட்டு வர்றான்.

எதுக்கு எந்திரிக்கிற? உக்காரு, உக்காரு. ஆமா, ராஜ்தான். கிதார் ராஜ். கையெல்லாம் குடுக்க வேணாம். நான் ஒண்ணும் சந்தோஷமா வரல. வயித்தெரிச்சல்ல வர்றேன்.

ரிட்டயர்டு ரயில்வேகாரன், கையில ஃப்ரீ பாஸ் இருக்கு, ஆனா வண்டியில இடம் இல்ல. வெயிட்டிங் லிஸ்ட்டாம். நான் பழுது பாத்த வண்டியில எனக்கே இடம் இல்ல. அதான் இந்த பஸ்ஸு. இவன் வேற பெரம்பலூர்லயும் நிறுத்தல. ஒரு டீ குடிக்காம எனக்குத் தலை வலிக்குது. கண்டக்டரக் கேட்டா விக்கிரவாண்டியிலதான் நிப்பானாம். சரி, விடு.

நீயும் மெட்ராஸ்ல அந்த ஹாலுக்குத்தான் போறியா? சாயங்காலம் ஆறு மணி ஃபங்ஷனுக்கு? "பாய்லர், ஃபர்ஸ்ட் ஸ்டீம்" ஆல்பம் வெளியீடு. எங்க பேண்டு பேரு பாய்லர். அது ஹார்டு ராக் பேண்டு தம்பி. நெனப்புல வெச்சுக்க. மேடையில ஏறினா ஜன்னல் கண்ணாடி அதிரணும், அதுக்குத்தான் பாய்லர்னு பேரு. எத்தனை காலேஜ், எத்தனை ரயில்வே இன்ஸ்டிட்யூட்! ஒரு எல்பி ரெக்கார்டு போட்டோம். ஏழு பாட்டு. ஏழுலயும் என் கிதார் மட்டும் தனியா முன்னாடி வர்ற சோலோ. கேட்டிருக்கியா?

ஒண்ணு கூடவா?

பேரு கூடத் தெரியாதா?

பாத்தியா. அதான் நான் சொல்றது. எங்க வீட்டுல அந்த ரெக்கார்டு கட்டுக் கட்டா கெடக்குது. ஒரு கட்டு மேல என் மருமக பூந்தொட்டி வெச்சிருக்கா. அத ஒருத்தன் சீந்த மாட்டேங்கிறான். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், மீசை கூட ஒழுங்கா முளைக்காத காலத்துல, டெரிக் பேச்சக் கேட்டுக்கிட்டு கிறுக்குத்தனமா என்னென்னமோ வாசிச்சோம். சைக்கடெலிக்காம். தலை கிறுகிறுக்கிற பாட்டு. ஆர்கன்ல ஒரு கட்டைய அமுக்கிட்டு கண்ண மூடிக்குவான். டேப்ப பின்னாலேருந்து ஓட்டுவான். மந்திரிச்சு விட்ட கோழி மாதிரி பாடுவான். அந்தக் குப்பைய எல்லாம் பொறுக்கி எடுத்து, தூசி தட்டி, வெளிநாட்டுக்காரன் ஒருத்தன் ஒரே ஆல்பமாப் போட்டு, அதுக்கு ஒரு குட்டிப் புத்தகமும் அச்சடிச்சு வெச்சிருக்கான். உலகம் பூரா அதப் போய்க் கொண்டாடுது. நீங்க அத நெஞ்சுல அடிச்சுக்கிட்டுத் திரியுறீங்க.

எனக்கு அந்தப் புத்தகத்த மகதான் படிச்சுக் காட்டுனா. பாட்ட நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். எதுக்குக் கேக்கணும்? "லூப் லைன்"னு ஒரு பாட்டு இருக்குல்ல, பதினோரு நிமிஷம் ஓடுமே...

உனக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சதா? அதப் போட்டாதான் தூக்கமே வருமா?

தம்பி, நீ எத கேட்டுத் தூங்குறேன்னு உனக்குத் தெரியுமா? சொல்றேன். தெரிஞ்சுக்க. அதுக்கப்புறம் தூக்கம் வருதான்னு பாப்போம்.

டெரிக் எங்க காலனிதான். சட்டைக்காரப் பையன், ஆங்கிலோ இந்தியன். அவங்கப்பா எஞ்சின் டிரைவர், எங்கப்பா கரி அள்ளிப் போடுற ஃபயர்மேன். அப்பாக்கள் ஒரே எஞ்சின்ல போனாங்க, நாங்க ஒரே சைக்கிள்ல போனோம். தமிழ் அவனுக்கு நம்மள மாதிரியே வரும், ஒவ்வொரு வரிக்கும் கடைசில ஒரு "மேன்" மட்டும் தொங்கும். பேச்சு கம்மி. கோவமே வராது அவனுக்கு. எனக்கு ரெண்டு பேருக்கும் சேத்து வரும்.

மெட்ராஸ்ல ஒரு ஸ்டுடியோவுல எங்களுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் கெடச்சுது. சினிமாக்காரங்க சாப்பிட்டுட்டு வர்றதுக்குள்ள முடிச்சுக்கணும். நான் அதுக்காக மாசக்கணக்கா ஒரு சோலோ தயார் பண்ணி வெச்சிருந்தேன் தம்பி. கம்பியிலேருந்து பொறி பறக்கும். ஒர்க்‌ஷாப்ல மத்தியான சங்கு ஊதினா எல்லாரும் சோத்து டப்பாவத் தொறப்பாங்க, நான் கிதாரத் தொறப்பேன். விரல் நுனி எல்லாம் வெடிச்சுப் போச்சு. அந்த சோலோவ உலகம் கேட்டுட்டா போதும், அப்புறம் செத்தாலும் பரவாயில்லன்னு இருந்தேன்.

ஸ்டுடியோவுல போய் வயரெல்லாம் மாட்டி உக்காந்தாச்சு. இவன் வந்து என் தோள்ல கை போட்டு மெதுவாச் சொல்றான். "லூப் லைனுக்கு சோலோ வேணாம் மேன். நீ ஜி-லயே இரு."

ஜி-லயே இரு! ஜி-ங்கிறது ஒரு சுரம் தம்பி. கிதார்ல மூணாவது கம்பிய விரல் வெக்காம தட்டினா தானா வரும். பச்சப் புள்ள கூட தட்டும். மாசக்கணக்கா விரல ஒடிச்சுக்கிட்டு வந்தவன்கிட்ட, ரிசர்வேஷன் இல்லாதவன பொட்டிக்குள்ள ஓரமா நில்லுன்னு சொல்ற மாதிரி சொல்றான். எனக்கு எப்படி இருக்கும்? உடம்பெல்லாம் எரிஞ்சுது. அங்கேயே கிதார அவன் மண்டையில போட்டிருப்பேன்.

போடல. ஏன் போடலன்னா, எனக்கு அத விட நல்ல வழி தெரியும். ரயில்வேல ஒர்க் டு ரூல்னு ஒண்ணு உண்டு. கேள்விப்பட்டிருக்கியா? ஸ்ட்ரைக் பண்ணா வேலை போயிரும். அதனால வேலைய நிறுத்த மாட்டோம். ரூல் புக்குல என்ன எழுதியிருக்கோ அத மட்டும், அப்படியே, ஒரு எழுத்து பிசகாம செய்வோம். ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பாத்துட்டுத்தான் எஞ்சினத் தொடுவோம். காலையில பொறப்பட வேண்டிய வண்டி மத்தியானம் பொறப்படும். அதிகாரிக்கு ரத்தம் கொதிக்கும், ஆனா வாயத் தொறக்க முடியாது. அவன் போட்ட ரூலுதானே! எதிராளியோட சொல்லாலயே அவன அடிக்கிறது. எங்க யூனியன்ல நான் மொதல்ல கத்துக்கிட்டதே அதான்.

ஜி-லயே இருன்னியா? இருக்கேன்டா.

நாற்காலியத் திருப்பிப் போட்டேன். அவன் மூஞ்சி தெரியக் கூடாதுன்னு செவுத்தப் பாத்து உக்காந்தேன். கிதார் சத்தத்தப் பெருசாக்குற ஆம்ப் பொட்டிய காதுகிட்ட இழுத்து வெச்சுக்கிட்டேன். அது பாலக்கரையில ரேடியோ ரிப்பேர் பாக்குறவர் கட்டிக் குடுத்தது, ஸ்பீக்கர்ல காகிதம் கிழிஞ்சிருக்கும், எதத் தட்டினாலும் ஙொய்ங்னு இழுக்கும். சத்தத்த முழுசா வெச்சேன். பாட்டு ஆரம்பிச்சாங்க. நான் மூணாவது கம்பியத் தட்டுனேன். திரும்பவும் அதையே தட்டுனேன். கஃபூர் வேகமாப் போறான், நான் அதே கம்பி. வரதன் எறங்குறான், ஏறுறான், நான் அதே கம்பி. டெரிக் பாடுறான். நான் இன்னும் பலமா அதே கம்பி. எந்த நிமிஷமும் "போதும் மேன், நிறுத்து, என்னதான் வேணும் உனக்கு"ன்னு கத்துவான்னு பாத்தேன். கத்தட்டும், அதுக்குத்தானே காத்திருக்கேன். கத்தல. பாட்டு முடிஞ்சு போச்சு. ஆர்கன் நின்னுது, டிரம்ஸ் நின்னுது. நான் நிறுத்தல. ரூல்படி என்ன? நீ நிறுத்தச் சொல்லல, நான் நிறுத்தல. செவுத்தப் பாத்து தட்டிக்கிட்டே இருந்தேன். என் கண்ணுலேருந்து தண்ணி வருது, அது பாட்டுக்கு வருது.

அந்தக் கடைசித் துண்டுதான் பெஸ்ட்டுங்கிறியா? எல்லா வாத்தியமும் நின்னப்புறம் ஒரே ஒரு சத்தம் மட்டும் வருமே, அப்ப மனசு அடங்கிடுமா? அடேய்! அது நான் ஒருத்தனக் கொல்லாம கொன்னுக்கிட்டிருந்த சத்தம்டா. அதக் கேட்டுட்டா நீ தூங்குற?

கேளு, முடியல இன்னும். எனக்கே கை ஓஞ்சு போய் நிறுத்துனேன். டெரிக் எந்திரிச்சு வந்தான். சரி, இப்ப இருக்குது கச்சேரின்னு நானும் எந்திரிச்சு நின்னேன். வந்தான். என் மூஞ்சியப் பாத்தான். ஒரு வார்த்தை கேட்டான். என்ன கேட்டான் தெரியுமா?

"டீ குடிக்கிறியா மேன்?"

அவ்வளவுதான். ஒருத்தன் பாட்டையே நாசம் பண்ணியிருக்கேன், அவன் டீ குடிக்கிறியாங்கிறான். திட்டியிருந்தா மன்னிச்சிருப்பேன். அடிச்சிருந்தா கட்டிப் பிடிச்சிருப்பேன். என் கோவத்துக்கு ஒரு டீ மரியாதைதானா? கிதார உறையில போட்டேன், வெளிய வந்தேன், திருச்சி பஸ்ஸப் புடிச்சேன். அதோட சரி. அதுக்கப்புறம் அவன் வீட்டு வழியாப் போற தெருவுல நான் போகல. எதுக்க வந்தா மறுபக்கம் திரும்பிக்குவேன். ரெண்டு தடவ வீட்டுக்கு வந்தான், இல்லைன்னு சொல்லச் சொன்னேன். வருஷக் கடைசில அவங்க குடும்பத்தோட ஆஸ்திரேலியா போய்ட்டாங்க, பெர்த்துக்கு. காலனியே ஸ்டேஷனுக்குப் போய் வழியனுப்பிச்சுது. நான் ஒர்க்‌ஷாப்லயே இருந்துட்டேன். ஓவர்டைம் இருந்துது.

அதுக்கப்புறம்தான் பாய்லர் நெஜமாவே பாய்லர் ஆச்சு. நான் ஆக்குனேன். கண்ண மூடுற பாட்டே கெடையாது, எல்லாம் அடி, இடி. அதத்தான் எவனும் கேக்க மாட்டேங்கிறீங்க.

இப்ப அந்தப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? மத்த பாட்டுக்கெல்லாம் கிதார்னு போட்டு ராஜ்னு என் பேரு இருக்கு. லூப் லைனுக்கு மட்டும் இல்ல. அதுக்கு என்ன போட்டிருக்கான்? "தம்புரா: வாசித்தவர் பெயர் தெரியவில்லை."

தம்புராவாம்! எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. தம்புராங்கிறது யாருக்கும் தொந்தரவு இல்லாம பின்னாடி உக்காந்து மீட்டுறது. நானா தம்புரா? அது என் கிதார்டா. கிழிஞ்ச ஸ்பீக்கர். வெடிச்ச விரலு. அதுல ஒரு ஆழ்ந்த தியானம் இருக்காம், கீழைநாட்டு அமைதி இருக்காம், பக்கம் பக்கமா எழுதியிருக்கான். அமைதியாம்! அந்தப் பாட்டு குப்பைதான், நான் இல்லேங்கல. ஆனா குப்பைன்னாலும் என் குப்பை. அதுல என் பேரு இருக்கணுமா வேணாமா? நீயே சொல்லு.

டெரிக் சொல்லியிருக்கலாம்ல? டேப்ப எல்லாம் எடுத்துக் குடுத்ததே அவன் வீட்டுலேருந்துதான். அவன் மக ஷெரில் ஃபோன் பண்ணா. அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சே வர்றதில்ல, வலது கையும் விழுந்துருச்சு, பழைய ஃபோட்டோவக் காட்டினா உங்களத்தான் தொட்டுத் தொட்டுக் காட்டுறாரு, நீங்க கட்டாயம் வரணும் அங்கிள்னு அழுவுது. வீல்சேர்ல வெச்சு அவ்வளவு தூரத்துலேருந்து கூட்டிக்கிட்டு வந்திருக்கு. பேச்சு வரலைன்னா என்ன? வலது கை இல்லைன்னா இடது கை இல்ல? எழுதிக் காட்டத் தெரியாதா? இது தம்புரா இல்ல, கிதார்னு ரெண்டு வார்த்தை எழுத முடியாதா? முழு ஃபோட்டோவுல நான் இருக்கேன்ல, அத அட்டையில போடுறப்ப அந்த வெளிநாட்டுக்காரன் என்னைய வெட்டித் தள்ளுறான், வேணாம்னு தலைய ஆட்ட முடியாதா? எல்லாம் வேணும்னே பண்றதுதான். அன்னைக்கு ஓரமா நில்லுன்னான். இன்னைக்கு மொத்தமா எறக்கி விட்டுட்டான்.

அதான் போறேன். மொத வரிசையில சீட்டு போட்டிருக்காங்களாம் எனக்கு. யாருக்கு வேணும் சீட்டு? நேரா மேடையில ஏறப் போறேன். மைக்கப் புடுங்கி, அத்தன பேருக்கும் முன்னாடி அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லப் போறேன். இது அமைதி இல்ல, என் கோவம். உன் மேல இருந்த கோவம். ஐம்பது வருஷமா அப்படியே இருக்குது, எடுத்துக்கடா, அப்படீன்னு. சொல்லிட்டு எறங்கி அடுத்த பஸ்ஸுல திருச்சி. அவன் கூட ஒரு வார்த்தை பேசப் போறதில்ல. அவனாலதான் பேச முடியாதே, சண்டை போடக் கூட ஆள் இல்ல எனக்கு.

மேல ரேக்குல இருக்குறதா? கிதார்தான். சும்மா கொண்டாந்தேன். தம்புராவா கிதாரான்னு நிரூபிக்கணும்ல. கம்பியா? மாத்தல, எல்லாம் பழசுதான், யாரு வாசிக்கிறா இப்ப. மூணாவது கம்பி மட்டும் புதுசு. நேத்துப் போட்டேன். அது துருப் புடிச்சிருந்துது, அதான்.

என்ன கேட்ட? பேரா? தெரியாதா உனக்கு, ராஜ்தான். முழுப் பேரா? அது எதுக்கு? ரயில்வேல ஏ. ஐ. ராஜ். பேண்டுலயும் ராஜ்னே போட்டுக்கிட்டேன், எடுப்பா இருக்கட்டும்னு. ஐ-ன்னா இன்னாசி. இன்னாசிராஜ். எங்கம்மாவும் டெரிக்கும் மட்டும் இன்னாசின்னு கூப்புடுவாங்க. அம்மா போயாச்சு.

என்னப்பா, மூஞ்சி ஏன் இப்படி ஆவுது? பேய் அறைஞ்ச மாதிரி பாக்குற? எதுக்குத் திரும்புற? முதுகுல என்ன, நான் ஏறினதுலேருந்து நீ சீட்டுல சாஞ்சேதான் இருந்த... இரு, கண்ணாடியப் போட்டுக்கிறேன். பெரிய எழுத்துலதான் அடிச்சிருக்கீங்க.

"இன்னாசி வாசிக்கட்டும்."

இது என்னது? யாரு சொன்னது இத? கிண்டல் பண்றீங்களா எல்லாரும் சேந்து?

பாட்டுலயே இருக்கா? லூப் லைன்லயா? அதுல அப்படி வரியே கெடையாது, எனக்குத் தெரியும். கடைசிலயா? வாத்தியமெல்லாம் நின்னப்புறம், அந்த ஒத்தச் சத்தத்துக்கு அடியில பேசுறாங்களா? ஆல்பம் போட்ட அந்த வெள்ளைக்காரன் ஏதோ மந்திரம்னு நெனச்சு அப்படியே விட்டுட்டானா? அந்த இன்னாசி யாருன்னு நீங்க எல்லாரும் தேடிக்கிட்டு இருக்கீங்களா?

குடு. அந்த இயர்ஃபோனக் குடு. இல்ல, எனக்கு மாட்டத் தெரியல, நீயே வை. மொதல்லேருந்து வேணாம், கடைசி மட்டும்.

...

ஆம்புதான். என் ஆம்புதான். என்ன இரைச்சல்!

...

இன்னொரு தடவ போடு.

...

தம்பி, நீயும் கேட்டல்ல? அது டெரிக்தான். அவன் குரல்தான். பாடுற மைக்குல, கண்ணாடிக்கு அந்தாண்ட டேப் ஓட்டிக்கிட்டிருந்த ஆள்கிட்ட சொல்லியிருக்கான். "நிறுத்தாதீங்க சார். டேப்பு தீந்தா தீரட்டும். இன்னாசி வாசிக்கட்டும். இவன மாதிரி எவன் வாசிப்பான் மேன்?" அப்படீங்கிறான். அன்னைக்கு எனக்குக் கேக்கல. நான்தான் ஆம்ப காதுல வெச்சுக்கிட்டு செவுத்தப் பாத்து உக்காந்திருந்தேனே.

என்ன பாக்குற? எனக்கு இப்பதான் கோவம் வருது. இதுவரைக்கும் வந்ததெல்லாம் கோவமே இல்ல. ஏன்டா டேய், எவனோ ஒரு ஊர் பேர் தெரியாத ஆள்கிட்ட இத்தனையும் சொன்ன வாய், என்கிட்ட வந்தப்ப என்ன, கொழுக்கட்டையா இருந்துது? அன்னைக்கே என் மூஞ்சிக்கு நேரா சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? வந்து நின்னு டீ குடிக்கிறியான்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்? டீன்னா டீன்னுதானே நெனப்பேன்! இப்ப பேச்சும் வராதுங்கிறாங்க. நான் யாரப் புடிச்சு உலுக்குறது?

வண்டி ஏன் மெதுவாப் போவுது? விக்கிரவாண்டியா? எந்திரிக்காத தம்பி, உக்காரு. டீ வேணாம் எனக்கு. கண்டக்டர்! ஐயா கண்டக்டரே! நிறுத்தாதீங்க, நேரா விடுங்க வண்டிய. எவனும் குடிக்க வேணாம் இங்க. எனக்கு மெட்ராஸ்ல ஒரு டீ பாக்கி இருக்கு.